அத்தையின் வயோலாவும் காணிக்கைப் பையும்

எங்கள் ராஜபாளையம் வேதக்கோயிலில் பாட்டு நின்று வாத்தியம் மட்டும் தனியாகக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: காணிக்கை எடுக்கிறார்கள். பை முன்னால் பாஸ்டர் நிற்கும் ஆல்டருக்குப் போய்ச் சேர்ந்ததும் வாத்தியம் ஓய்ந்து, நன்றிப் பாட்டு கிளம்பும். பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த வழக்கத்தை அத்தை அன்று சுத்தமாக மறந்துபோனாள்.

அத்தை, அப்பாவின் தங்கை. பாடகர் குழுவில் வயோலா வாசிப்பவள். வயலினுக்கு அக்கா மாதிரி இருக்கும் அது. உடம்பும் பெரிது, குரலும் கட்டை. மேலே வயலின் மினுக்கும், கீழே என் தாய்மாமாவின் கீபோர்டு முழங்கும். நடுவில் அத்தை வாசித்தது கர்த்தருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவளோ சென்னையிலிருந்து ஒரு புதுப் படைப்பைக் கொண்டுவந்தாள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பாவின் பரோக் இசைக்கு நம் காலத்து ஆள் ஒருவர் வைத்த வணக்கம். வயோலா மட்டும்தான், துணை கிடையாது. பிரசங்கம் முடிந்ததும் வாசிக்கப் பாஸ்டரிடம் அனுமதியும் வாங்கிவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கிய மாமா சிரித்தார். “தனியாவா? நான் கூடச் சேந்தாத்தாம்மா எடுபடும்.”

“நீங்க கைய மடில வச்சுக்கிட்டு இருங்க அத்தான், அம்புட்டு போதும்.”

வாசித்தாள். கீழ்த்தந்தி கேட்க மேல்தந்தி பதில் சொல்ல, ஒருத்தியே இரண்டு பேராகப் பேசினாள். பழங்கால நடனம்போலத் துள்ளியது. திடீரென்று இந்தக் காலத்துக் கோபத்தோடு கரகரவென்று முறைத்தது. அடடா, கொடுத்துவைத்தவர்கள் நாங்கள்! ஆனால் சனங்கள் என்ன செய்தார்கள்? பர்ஸைத் திறந்து சில்லறை தேடினார்கள். கோயில் வேலை பார்க்கும் குட்டியார், கைப்பழக்கத்தில் காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாமா விரல்களைச் சொடுக்கிக்கொண்டு கீபோர்டை நெருங்கினார்.

பை ஆல்டருக்குப் போனால் மாமா நன்றிப் பாட்டை ஆரம்பித்துவிடுவார், அத்தையின் கதை முடிந்தது. கடைசியாக முன்வரிசையில் என்னிடம் வந்தது. காசைப் போட்டேன், பையை விடவில்லை.

“ஏட்டி, விடு.”

“மாட்டேன்.”

“பாஸ்டர் பாக்காவ, விடுட்டீ.”

“பாக்கட்டும்.”

குட்டியார் இழுத்தார், நானும் இழுத்தேன். அம்மா தொடையில் திருகினாள். உயிரே போனாலும் சரி என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அத்தை கண்ணைத் திறக்கவே இல்லை. கடைசிச் சுரம் அடித்தந்தியில் இறங்கி அடங்கி, அவள் வில்லைத் தாழ்த்திய பிறகே கையை எடுத்தேன்.

வீட்டில் அம்மா முதுகில் நன்றாக வைத்தாள். அழுதுகொண்டே அத்தையிடம் ஓடினேன். அவள் வயோலாவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். “ஒனக்காகத்தான் அத்தே பையப் புடிச்சேன்!”

“யாருட்டி ஒன்னயப் புடிக்கச் சொன்னா? பை போயிருந்தா என்ன, ஒங்க மாமா கீபோர்டப் போட்டு ஒடச்சிருந்தா என்ன, முடிக்காம நான் எறங்கிருக்கவே மாட்டேன்.”

வாங்கிய அடியெல்லாம் வீணா! நன்றி கெட்ட அத்தை என்று இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.