பச்சைக் கோடு

நாற்பத்தெட்டு பேட்டரி செல்களில் முப்பத்தொன்றாவதற்கு மட்டும் ஒரு பெயர் இருந்தது: நோஞ்சான். பெயர் வைத்தவர் எலெக்ட்ரீஷியன். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே மூன்று முறை மின்சாரம் தூக்கி அடித்து, மூன்று முறையும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்ததால் ஷாக் அண்ணன்.

அந்தப் பெயர்கள் புழக்கத்துக்கு வந்த காலத்தில் இன்ஜினியரம்மாவுக்கு ஒரு நரைமுடிகூட இல்லை. சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வேலை என்று சொன்னால், "வெயில டப்பாவுல போட்டு மூடி வைக்கப் போறியாக்கும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "ஆமா, மழைக்காலத்துல எடுத்துத் தரேன்" என்பாள்.

அதன்பிறகு அவள் எவ்வளவோ கட்டிவிட்டாள். காற்றாலைகளின் காலடியில் லாரி லாரியாக நிற்கும் சேமிப்புப் பெட்டிகள், ஒரு நகரத்தின் பாதி விளக்குகளைத் தாங்கும் நிலையங்கள். ஆனால் கண்ணை மூடினால் வருவது, பதினாறு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில், துணி துவைக்கும் அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே கிடைத்த பத்தடி அறைதான். சோப்புத் தூள் வாசனையும் புதுப் பெயின்ட் வாசனையும் கலந்த அறை. முதன்முதலாக டீசல் ஜெனரேட்டரை நிறுத்திய அன்று, அதுவரை அதன் இரைச்சலில் அமுங்கிக் கிடந்த ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை வாசல்வரை கேட்டது. ஷாக் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தூசி மேடம்" என்றார்.

அந்த அறையில் அவள் நிறுவிய பேட்டரிக்குத்தான் இப்போது கெடு வந்திருந்தது. ஆரம்பக் கொள்ளளவில் அறுபது சதவீதமாவது மிச்சம் இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே இருக்கலாம். இல்லையென்றால் வியாழக்கிழமை உடைக்க எடுத்துப்போக லாரி வரும். ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கும்போது, தன் வேலையே இல்லாத இந்தச் சோதனைக்கு அவள் தானாக அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். "என்னைக்காவது என்னை இப்படிப் போய்ப் பாத்திருக்கியா?" என்று கணவர் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை, சேமித்ததில் எவ்வளவு திருப்பித் தருகிறது என்று பார்க்கும் சோதனை ஓடியது. ஐம்பத்தேழு சதவீதத்தில் நின்றுவிட்டது. நிறுத்தியது நோஞ்சான்தான். ஒரு செல் தளர்ந்தாலும் நாற்பத்தெட்டையும் நிறுத்திவிடுவதுதான் கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை.

"மூணு சதவீதம்" என்றாள்.

"நம்ம நோஞ்சான் பொறந்ததுலேருந்தே அப்படித்தான மேடம்" என்றார் ஷாக் அண்ணன். "இவ்வளவு நாள் இழுத்துக்கிட்டு வந்ததே பெரிசு."

சோதனை அதிகாரியாக வந்திருந்த அம்மாள் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். இன்ஜினியரம்மா மட்டும் அடுக்கின் முன்னால் போய், பழைய பழக்கத்தில், புறங்கையை செல்களின் அருகே மெல்ல நகர்த்தினாள். முப்பத்தொன்றில் கை நின்றது. கெட்டுப்போன செல்லுக்கு வயிறு கொதிக்கும். இதன் வயிறு மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. அனலடித்தது தலை; அடுத்த செல்லோடு இணைக்கும் போல்ட்.

போல்ட்டின் மேல் ஒரு பச்சைக் கோடு. அவளுடைய கோடு.

அந்த நாட்களில் ஆளுக்கொரு நிறம் இருந்தது. போல்ட்டை முறுக்கிய கையோடு தன் நிறத்தில் கோடு போட வேண்டும். கோடு விழுந்த போல்ட்டில் இன்னொருவர் ஸ்பானர் படக்கூடாது. அதிகம் முறுக்கினால் திருகு மரை போய்விடும். சட்டம் போட்டதே அவள்தான். ஷாக் அண்ணனுக்குச் சிவப்பு, அவளுக்குப் பச்சை.

செல்களை அடுக்கியபோது நான்கு நாளாக மழை. பெயின்ட் குழாய் காய்ந்துகொண்டிருந்தது. வீணாகிவிடுமே என்று கடைசி வரிசைக்கு மொத்தமாகக் கோட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு வந்தாள். பாதியில், சோலார் பலகைகள் மாட்டிய மாடியிலிருந்து ஷாக் அண்ணன் குரல்: "மேடம், வெயில் வந்துருச்சு! ஓடி வாங்க!" எல்லாரும் படியேறி ஓடினார்கள். அவளும் ஓடினாள். திரும்பி வந்து பார்த்தபோது வரிசை முழுக்கப் பச்சைக் கோடுகள்.

இப்போது அவள் மின்னோட்டத்தைத் துண்டித்துவிட்டு ஸ்பானரை எடுத்தாள்.

"மேடம், கோடு இருக்கு."

"தெரியும்ணே."

இறுகியிருக்கும் போல்ட்டில் வைத்ததுமே ஸ்பானர் 'டக்' என்று சொல்லும். இது சொல்லவில்லை. கால் சுற்று. அரைச் சுற்று. முக்கால் சுற்றில்தான் 'டக்' என்றது. தளர்ந்திருந்தது செல் அல்ல, இணைப்பு. ஷாக் அண்ணன் தலையைச் சொறிந்தார். பதினாறு வருஷமாக அந்த செல்லைத் திட்டியாயிற்று. அதை விற்றவரோடு அவள் சண்டையே போட்டிருக்கிறாள். நோஞ்சான் தாங்காது என்று, ஆஸ்பத்திரியில் மாலை ஏழு மணிக்கு மேல் துவைக்கும் இயந்திரத்தை ஓட்டக்கூடாது என்று எழுதி ஒட்டியதும் அவள் கைதான்.

ஷாக் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணும் பேசாதீங்க. இன்னொரு தடவ ஓட்டச் சொல்லலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"காரணம் எழுதாம மறுபடி ஓட்ட மாட்டாங்கண்ணே."

"செல்லு மேல போடுங்க. அது என்ன வாய் தொறக்கப் போவுதா?"

"அது மேல போட்டது போதும்ணே."

அதிகாரியிடம் படிவத்தைக் கேட்டு வாங்கி, காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: 'போல்ட் முறுக்கப்படவில்லை. நிறுவியபோது என் தவறு.' கையெழுத்துப் போட்டாள். அதிகாரி அதைப் படித்துவிட்டு அவளை ஒரு தடவை பார்த்தாள். "இத்தனை வருஷ சர்வீஸ்ல கடைசியா இதுவா மேடம் எழுதணும்?"

"முதல்லயே எழுதியிருக்கணும்."

கறுத்திருந்த இணைப்பை ஷாக் அண்ணன் தேய்த்துத் துடைத்து மாட்டினார். புதன்கிழமை மறுபடி ஓட்டினார்கள். ஐம்பத்தேழைத் தாண்டும்போது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அறுபது. அறுபத்தைந்து. எழுபத்தொன்றில் நின்றது. இந்தமுறை நின்றதற்கு நோஞ்சான் காரணமில்லை.

சாயங்காலம் தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னாள்; தப்பு யாருடையது என்பதையும் சேர்த்து.

"அப்ப அந்த ஏழு மணிக் கணக்கு?"

"இனிமே வேண்டாம் சிஸ்டர். அது என்னைக்குமே தேவைப்பட்டிருக்காது."

நர்ஸ், "எத்தனை போர்வைய ஈரத்தோட அடுத்த நாளைக்குத் தள்ளிப் போட்டிருக்கோம் தெரியுமா?" என்றாள்.  பதிலுக்குக் காத்திராமல் போய்த் துணி அறைக் கதவிலிருந்த பழைய தாளைக் கிழித்தாள்.

வேன் வந்து நின்றது. "கிளம்பலாமா மேடம்?" என்றார் ஷாக் அண்ணன்.

"இருங்கண்ணே. மணி ஆறே முக்கால்தான ஆகுது."

இருவரும் அந்தப் பத்தடி அறையில் கவிழ்த்த வாளிகள்மேல் உட்கார்ந்தார்கள். ஏழு அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் துவைக்கும் இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது.