மாத்திரை கிடைக்காமல் போன பெண்

கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தொடக்கப்பள்ளியில் எழிலரசி ஆசிரியை. ஏழு வருடங்களுக்கு முன், குடற்புழு மாத்திரை கொடுத்த நாளில் மூன்றாம் வகுப்புத் தேன்மொழி வரவில்லை. விடுபட்டவர்களுக்கு மறுவாரம் கொடுத்திருக்க வேண்டும், எழிலரசி மறந்துபோனாள். சில மாதங்களில் தேன்மொழி வகுப்பில் தூங்கி வழிந்தாள். சோம்பேறி என்று திட்டி, அவளை வெளியே நிற்க வைத்தாள் எழிலரசி. ஒருநாள் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தது குழந்தை.

கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிவிட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் தாய் ஜோதியம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "எம்பொண்ணு சோம்பேறி இல்லீங்க டீச்சர்."

ரத்தம் ஏற்றியதில் தேன்மொழி பிழைத்தாள். ஆனால் பள்ளிக்குத் திரும்பவில்லை. செங்கல் சூளை வேலைக்குப் போன அந்தக் குடும்பம் எந்த ஊரில் இருக்கிறதென்று விசாரித்தும் தெரியவில்லை.

அதன்பிறகு, மாத்திரை நாளில் வராத பிள்ளைகளைத் தேடி எழிலரசியே போகிறாள். இந்த ஆகஸ்டில் ஒரு சிறுமியை வேர்க்கடலைக் கொல்லையில் கண்டுபிடித்தாள்.

"நல்லா மென்னு முழுங்கும்மா."

சிறுமியின் அம்மா சிரித்தாள். "ஒரு மாத்திரைக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?"

"ஒரு பொண்ண விட்டுட்டேம்மா."

"இப்ப எப்படி இருக்குது அது?"

"தெரியலம்மா," என்றாள் எழிலரசி.