நான்கு பிளாக்குக்கும் பொதுவான சாவி

திருவான்மியூரில் என் அம்மா பெருக்கித் துடைக்கும் குடியிருப்பில் நான்கு பிளாக்குகள், நான்கு சங்கங்கள். அவற்றின் கூட்டமைப்புக்குத் தலைவர் ஒல்லியான மனிதர், கஞ்சி போட்ட சட்டைக்காரர். பேசும்போது கையிலுள்ள சாவியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பார். கீழே பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறையின் சாவி அது. அம்மா அவசரத்துக்கு பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறாள் என்று அவரிடம் சொல்லப் போனேன்.

“மூணு பிளாக்ல சரின்னுட்டாங்கம்மா. நாலாவது பிளாக், வேலை செய்யறவங்களுக்குத் திறக்கக் கூடாதுங்கறாங்க. ஒருத்தர் மறுத்தாலும் முடியாது.”

“நீங்கதானே சார் தலைவர்?”

“அவங்க குடுத்த அதிகாரம்தாம்மா எனக்கு. கோலப்போட்டிக்கே நாலு கையெழுத்து வாங்குறேன்.”

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நாடுகள் சேர்ந்து அமைக்கும் கூட்டிணைப்பில் மையத்துக்கென்று அதிகாரம் கிடையாது, உறுப்பு நாடுகள் கொடுப்பதுதான் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். அதையே அன்று அவர் வாயால் கேட்டபோது கோபம்தான் வந்தது.

“அப்ப சாவி எதுக்கு சார்?”

அவர் சாவியைக் குனிந்து பார்த்தார். “யாரும் திறந்துடாம பாத்துக்கத்தான்.”

அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அம்மா இன்னும் நடக்கிறாள்.