கப்பலில் சொல்லக்கூடாத சொல்

ஊரூர்க் குப்பத்து டில்லிபாபுவுக்குப் பயம் கிடையாது என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கதி. அதிகம் ஒப்புக்கொண்டவர் அவரேதான். ஐம்பத்திரண்டு வயதில் முப்பத்தைந்து வருஷம் கடல். படகு கவிழ்ந்து ஒரு பகல் முழுக்க ஐஸ்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர். ஆனால் பேய்ப்படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அதெல்லாம் டுபாக்கூர் என்பார். பார்க்காமலே எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டுவிட்டால் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர் மனைவி பச்சையம்மா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருப்பாள்.

மகள் மேகலாவுக்குப் பெருங்குடியில் வீடியோ கேம் கம்பெனியில் வேலை. ஒரு விண்கப்பல், அதில் ஆளைத் தின்னும் ஒரு ஜந்து, இதுதான் கேம். கப்பலின் கீழ்த்தளம் அவள் எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது. மேலாளர் ஸ்ரீரங்கனுக்கு அது பிடிக்கவில்லை. திகில் கேமே ஆடாத ஒருவர் ஆடட்டும், அவரே பயப்படவில்லையென்றால் தளத்தைக் கேமிலிருந்தே தூக்கிவிடலாம் என்றார். அப்படி ஒரு ஆளை மேகலா வீட்டிலேயே வைத்திருந்தாள். அப்பாவே வரட்டும், பயம் சொந்தபந்தம் பார்க்காது என்று ஸ்ரீரங்கனும் சம்மதித்தார். ஆடுகிறவரிடம் முன்கூட்டி எதுவும் சொல்லக்கூடாது என்பது மட்டும் ஆபீஸ் சட்டம். அதனால் அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததோடு சரி.

ஆபீஸில் கேம் திரை ஒளிர்ந்ததும் டில்லிபாபு, இது என்ன இடம் என்று கேட்டார்.

"கப்பல் நைனா."

அந்தச் சொல்தான் வினை. டில்லிபாபு உடனே செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அவர் படகில் செருப்போடு ஏறக்கூடாது. ஏறினபிறகு பயம் என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. ஒருத்தன் சொன்னால் நாலு பேருக்கும் ஒட்டிக்கொள்ளும். சொன்னவனை மறுநாள் கரையிலேயே விட்டுவிடுவார்கள். சொந்த மச்சானையே அப்படி விட்டவர் அவர்.

கீழ்த்தளத்தில் பத்தடிகூட நடந்திருக்க மாட்டார், இருட்டில் ஏதோ மூச்சு விட்டது. பக்கத்தில் தெரிந்த அலமாரிக்குள் புகுந்துகொண்டார். காலடிச் சத்தம் வந்து கதவுக்கு வெளியே நின்றது. ஏசி அறையில் அவர் முதுகு நனைந்தது. அவசரமாக ஒன்றுக்கு முட்டியது. முகத்தை மட்டும் கல்லாக வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் அலமாரியை விட்டு நகரவில்லை. பெரியவர் தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று ஸ்ரீரங்கன் மேகலாவின் காதில் சொன்னார்.

நேரம் முடிந்தது. பயமாக இருந்ததா என்று ஸ்ரீரங்கன் கேட்டார்.

"ஒண்ணியும் இல்ல சார். ஜாலியா கீது."

ஸ்ரீரங்கன் காகிதத்தில், கீழ்த்தளம் வேண்டாம் என்று எழுதினார். மேகலாவின் முகம் தொங்கிப்போனது. என்னம்மா என்று அப்பா துருவித் துருவிக் கேட்ட பிறகு எட்டு மாதக் கதை வெளியே வந்தது. அட பாவி மனுஷா, வீராப்பு பேசி மகள் பிழைப்பிலேயே மண்ணைப் போட்டுவிட்டாயே என்று டில்லிபாபு தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கரைக்கு வந்துட்டோமாம்மா?"

படகுக்காரர் மகளுக்கு அது புரிந்தது. "வந்துட்டோம் நைனா."

அவர் ஸ்ரீரங்கன் பக்கம் திரும்பினார். "சார், அலமாரியாண்ட அது வந்து நின்னுச்சே, அப்பவே எனக்கு உசுரு பூட்ச்சி. பயந்துகினுதான் உள்ளயே குந்திகினு இருந்தேன்."

முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். ஸ்ரீரங்கன் நம்பவில்லை. மகளுக்காகச் சொல்கிறீர்கள், பரவாயில்லை என்று சிரித்தார்.

டில்லிபாபுவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. பாத்ரூம் எங்கே என்று கேட்டார். நீளமான தாழ்வாரத்தின் கோடியைக் காட்டினார்கள். ஆள் வந்தால்தான் அங்கே விளக்கு எரியும். அவர் வாசல்வரை போனார், இருட்டைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

"சார், கூட வரீங்களா?"

அவர் பிடித்த பிடியில் ஸ்ரீரங்கனின் மணிக்கட்டு வலித்தது. அந்தக் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. ஸ்ரீரங்கன் சிரிப்பை நிறுத்திவிட்டு, மற்றக் கையால் காகிதத்தில் எழுதினதைக் கோடிட்டு அடித்தார்.

இருவரும் கைகோத்துத் தாழ்வாரத்தில் போனார்கள். நாற்காலிக்கு அடியில் இருந்த இருட்டில் கையை விட்டுச் செருப்பை எடுக்க டில்லிபாபுவுக்குத் துணிவில்லை. மேகலாதான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.