ஏரி மண்ணுக்கு அப்பன் யார்?

அரியலூர்ப் பக்கம் நிலத்தில் குனிந்து மண்ணைப் பையில் அள்ளினால் நீங்கள் சுண்ணாம்புக்கல் தேடி நிலம் வாங்க வந்த சிமெண்ட் கம்பெனி ஆள். வேறு விளக்கமே எடுபடாது. ஒருவர் என்னைத் தடியோடு விரட்டினார். அடுத்த கொல்லைக்காரர் மோர் கொடுத்து, "ஏக்கருக்கு என்ன தருவீங்க?" என்று கேட்டார். மோரைக் குடித்து முடித்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன்.

உண்மை இன்னும் மோசம். உடையார்பாளையம் பக்கத்தில் ஓர் ஏரி தூர்ந்துகொண்டே வந்தது. அதில் படியும் மண் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது என் ஆராய்ச்சி. மேட்டு முந்திரிக்காடா, சோளக்கொல்லையா, ஓடைக்கரையா? ஒவ்வோர் இடத்து மண்ணிலும் உலோகங்கள் வேறு வேறு அளவில் இருக்கும். ஏரி மண்ணை அவற்றோடு ஒப்பிட்டால் எதன் பங்கு எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லலாம். மண்ணுக்கு அப்பன் யார் என்று பார்க்கிற வேலை. இதைச் சொன்னபோது என் மாமியார், "சம்பளம் வருதுல்ல?" என்றார்.

மேட்டில் முந்திரி வைத்திருந்த ஓர் அம்மாள் மட்டும் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். அதுதான் வினை.

"அப்ப ஏரியில கெடக்கறது என் மண்ணா?"

"இருக்கலாம்ங்க. டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்."

"இருக்கலாம் என்ன, என்னுதுதான். மழைக்கு மழை செக்கச்செவேல்னு போவுதே, கண்ணால பாக்கறனே!"

அன்று சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். விவசாயிகள் நிலத்துக்கு உரமாக ஏரி வண்டல் அள்ள அப்போது அனுமதி இருந்தது. யார் முதலில் அள்ளுவது என்று முறை வைத்துக்கொண்டிருந்தவர் கீழூர்ப் பெரியவர். அம்மாளுடைய சம்பந்தி. அவர் மகனுக்குத்தான் இவர் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருந்தார்.

"எங்க ஊருக்குப் போவ மிச்சம் இருந்தா உங்களுக்குத்தான் சம்பந்தியம்மா."

"மிச்சமா? பொண்ணத்தான் குடுத்தேன். மண்ணயுமா சீராக் குடுத்தேன்?"

டிராக்டரில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. "படிச்ச புள்ள சொல்லட்டும். உங்க மண்ணுன்னா அள்ளிக்கிங்க" என்று என்னைக் கைகாட்டினார்.

முடிவு வரும்வரை இரண்டு வீட்டிலும் எனக்கு விருந்து. கீழூரில் நாட்டுக்கோழி, மேட்டில் முந்திரி மிதக்கும் பாயசம். லஞ்சம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பெரும்பங்கு ஓடைக்கரை என்று வந்தது. இடிந்து விழுகிற புறம்போக்குக் கரை. முந்திரிக்காட்டின் பங்கு சொற்பம். ஏரிக்கரையில் வைத்து இதைச் சொன்னதும் சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மாள் முகம் விழுந்துவிட்டது. தன் மண் அரித்துப் போகவில்லையே என்று வருத்தப்பட்ட விவசாயியை அன்றுதான் பார்த்தேன்.

"என்னுது கொஞ்சங்கூட இல்லியா பாப்பா?"

"கொஞ்சம் இருக்குங்கம்மா."

"கொஞ்சம்னா எத்தன டிப்பரு?"

தோராயக் கணக்குதான், கூடவும் இருக்கலாம் குறையவும் இருக்கலாம் என்று இழுத்தேன்.

"கூடன்னே வச்சுக்குவம்" என்றார்.

சம்பந்தி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மறுநாள் தன் டிராக்டரிலேயே வண்டல் ஏற்றி மேட்டுக்கு அனுப்பினார். முந்தின ராத்திரியே வீட்டில் மருமகள் மாமனாரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று டிரைவர் சொன்னார்.

அம்மாள் அந்த வண்டலைச் சரிவெங்கும் பரப்பினார். ஐப்பசி மழை வந்தது. மறுபடி மாதிரி எடுக்கப் போனால் மேட்டில் ஏரி மண், ஓடையில் மேட்டு மண், எல்லாம் கூட்டுக்குழம்பாகக் கிடந்தது. எது வந்தது, எது போனது என்று பிரிக்க வழியில்லை. பேராசிரியருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அந்தக் காட்ட விட்டுடும்மா. வேற பாரு. கீழூர்ல சொந்தக்காரங்க இல்லாத காடாப் பாரு."

"இந்தப் பக்கம் அப்படி ஒரு காடு கெடையாதுங்க சார்" என்றேன்.