இடப்பக்கம் இழுத்த வண்டி

எங்கள் தெருவுக்கு முதன்முதலில் வந்த கார் என்னுடையது. செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் ஆன பிறகு, ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியிடமிருந்து வாங்கிய பழைய சின்ன கார். அம்மா அதுவரை நடவுக்கும் களையெடுக்கவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள். வண்டி வந்த அன்று அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "இனிமே இது என் எடம்" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் போளூரில் தங்கைக்கு வளைகாப்பு. அவள் மாமனார் வீடு நிலபுலம் உள்ள வீடு. நானும் அம்மாவும் காலையிலேயே கிளம்பினோம். பின்சீட்டில் சீர்த்தட்டுகள். கண்ணாடி வளையல் தட்டை மட்டும் அம்மா யாரையும் நம்பாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

களம்பூர் வருவதற்குள் நெல் லாரிகள் ரோட்டைக் குதறி வைத்திருந்தன. பள்ளங்களில் மழைத் தண்ணீர் நின்றதால் எது ஆழம், எது மேடு என்று தெரியவில்லை. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது இடது முன்சக்கரம் 'தடால்' என்று இறங்கி ஏறியது. அம்மா வளையல் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பாத்துகினு ஓட்டக்கூடாதாடி?"

வண்டி இடப்பக்கமாக இழுத்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போனது. மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய் ரைஸ்மில் எதிரே இருந்த பங்சர் கடையில் நிறுத்தினேன். இடது டயரில் காற்று குறைந்திருந்தது, ரிம்மின் ஓரமும் நசுங்கியிருந்தது. அதைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டச் சொன்னேன். கடைக்காரர் மாட்டிவிட்டு, "அவ்ளோதாங்க, போலாம்" என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். அதே இழுப்பு. அப்படியானால் கோளாறு டயரில் இல்லை. வண்டியை ஒவ்வொரு முறை சர்வீசுக்கு விடும்போதும் பக்கத்திலேயே நின்று, இது என்ன, அது எதற்கு என்று கேட்பது என் வழக்கம். அந்தப் பழக்கம் இப்போது கைகொடுத்தது. சமமான இடத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு, அம்மாவை இறங்கி முன்னால் நின்று பார்க்கச் சொன்னேன்.

அம்மா குனிந்து நிதானமாகப் பார்த்தாள். நாற்று வரிசை கோணினால் கண்டுபிடிக்கிற கண் அது.

"உனக்குச் சோத்தாங்கை பக்கம் நேராக்கீதுடி. பீச்சாங்கை பக்கம்தான் வெளிய திரும்பிகினு நிக்குது."

பக்கத்திலேயே லாரி, டிராக்டர் பார்க்கிற ஒரு ஒர்க்ஷாப் இருந்தது. மெக்கானிக்குக்குக் கிட்டத்தட்ட என் வயது. "டிரைவர் எங்கங்க?" என்றார். "நான்தாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை, "சொல்லுங்க, இன்னா ஆச்சு?" என்று காது கொடுத்தார். முழுவதும் சொன்னேன்.

"அலைன்மென்ட் போயிருக்கும். திருப்பி வெச்சா சரியாப்பூடும்."

"உள்ள ராடு வளைஞ்சிருந்தா வெச்சது நிக்காதேங்க. ஜாக்கி போட்டு ஒருதடவை ஆட்டிப் பாத்துடலாமா?"

அவர் ஜாக்கியை எடுத்தார். சக்கரத்தை இருபக்கமும் பிடித்து ஆட்டினார். 'கடக் கடக்' என்றது. படுத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு, வலப்பக்கத்தில் நேராக இருந்தது. இடப்பக்கத்தில் வில் மாதிரி வளைந்திருந்தது. அதன் முனையும் தளர்ந்திருந்தது.

"கரெக்டா புடிச்சீங்க மேடம்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே உடம்பு லேசாகிவிட்டது.

புது ராடு ஆரணியிலிருந்து வரவேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டு, போளூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பச் சொன்னார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "நீ ஜல்தியா பஸ் ஏறிப் போயிடும்மா, நான் பின்னாடி வரேன்" என்றேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் தங்கச்சி கண்ணாலத்துக்கே பஸ்ல போய் எறங்கனவ நானு. இன்னிக்கி எம் பொண்ணு கார்ல தான் எறங்குவேன். போன் போட்டு வந்துகினே இருக்கோம்னு சொல்லு."

சொன்னேன். ராடு வந்தது. மாட்டிய பிறகு, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை நூல் பிடித்து நேர் பார்த்தார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். பட்டுப்புடவையில் கிரீஸ் பட்டதை நான் கவனிக்கவே இல்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மில் ரோட்டில் ஓட்டினேன். ஸ்டியரிங் நடுவில் நின்றது. கையை லேசாகத் தளர்த்தினேன். வண்டி நேராகப் போனது. பிரேக் போட்டும் பார்த்தேன், எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

நல்ல நேரம் முடிவதற்குள் போளூர் போய்ச் சேர்ந்தோம். தங்கையின் மாமியார் வாசலிலேயே, "இன்னா சம்மந்தி, இவ்ளோ நேரம்?" என்றார். அம்மா தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"வண்டி பள்ளத்துல உழுந்துடுச்சுங்க. எது கெட்டுச்சுன்னு எம் பொண்ணே கண்டுபுடிச்சா. மெக்கானிக்கே அசந்துட்டாரு!"

பள்ளத்தில் இறக்கியதும் அதே பொண்ணுதான் என்பதை அவள் சொல்லவில்லை. சக்கரம் கோணியதைத் தானே பார்த்ததையும் சொல்லாததால், அதை நான் சொன்னேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போது தங்கையின் மாமனார் வந்து நின்றார். "ஏம்மா, எங்க டிராக்டரும் ஒரு பக்கமா இழுத்துகினு போகுது. கொஞ்சம் வந்து பாக்கிறியா?"

"காத்து பாத்தீங்களா மாமா?" என்று கேட்டுக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகினேன். எங்களுக்கு முன்னால் அம்மா டிராக்டர் நின்ற கொல்லைப்பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.