ஊறுகாய்த் தண்ணீரும் இரண்டு மாப்பிள்ளைகளும்

பெரிய மாப்பிள்ளைக்கு மாமனார் வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதருக்காக அவன் கோழி சுட்டுக்கொண்டிருக்கிறான். மாமனார் வாங்கிக்கொள்வார், சாப்பிட்டு முடிப்பார், கை கழுவி எழுந்து போய்விடுவார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். டிரைவருடன் பேசக் கூடாது என்று பஸ்ஸில் எழுதி வைத்திருப்பார்களே, அதை மனிதர் வீட்டிலும் கடைப்பிடித்தார். அதனால் பெரிய மாப்பிள்ளையும் மனதைத் தேற்றிக்கொண்டான். குணம் அப்படி, என்ன செய்வது? சின்ன மாப்பிள்ளை வந்து சேர்ந்த பிறகுதான் வினையே ஆரம்பித்தது.

பெரிய மாப்பிள்ளை வெல்டர். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வான். பொறி பட்டு ஓட்டை விழாத சட்டை அவனிடம் ஒன்றுகூடக் கிடையாது. முழங்கை வரை புள்ளி புள்ளியாகத் தழும்பு. ஒரு பழைய எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் அறுத்து, நாலு கால் வைத்து, கம்பி பற்றவைத்து, மூடிக்குக் கீல் போட்டு அவனே செய்த அடுப்பு மாமனார் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுக்க அங்கே கூடும். அன்றைக்கு அவன்தான் ராஜா. இடுக்கியை ஒருத்தரும் தொடக் கூடாது. நெருப்பென்றால் அவனுக்குத் துளியும் பயமில்லை, அதுதான் கோளாறு. வெளியே கருகி உள்ளே காய்ந்துபோகும் வரை கோழியை எரியவிடுவான். "என்னங்க இது, கேட்டு மாதிரி இருக்கு. பெயின்ட் அடிச்சு வாசல்ல மாட்டிடலாம்" என்று அவன் மனைவி ஒரு தடவை கிண்டல் செய்தாள். அவன் சிரிக்கவில்லை.

சின்ன மாப்பிள்ளை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவன். நாள் முழுக்க ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து அடுத்தவர் காலைப் பார்த்துக்கொண்டே இருக்கிற பிழைப்பு. ஆள் ஒல்லி, பேச்சும் மெல்லிசு. முதல் ஞாயிறு வந்தான், பெரிய மாப்பிள்ளை சுட்ட கோழியைத் தின்றான், மேஜைக்கடியில் கிடந்த வீட்டுப் பூனையை வேடிக்கை பார்த்தான், யாருடனும் அதிகம் பேசவில்லை. சாது, பரவாயில்லை என்று பெரிய மாப்பிள்ளை நினைத்தான். கிளம்பும்போது மாமியார் சமையல்கட்டில் ஊறுகாய் பாட்டிலைக் கழுவப் போனார். வெள்ளரிப் பிஞ்சை உப்பும் வினிகரும் பூண்டும் போட்ட தண்ணீரில் ஊறவைத்த ஊறுகாய். பிஞ்செல்லாம் தீர்ந்து தண்ணீர் மட்டும் முக்கால் பாட்டிலுக்கு நின்றது.

"அதக் கொட்டாதீங்க அத்தை. நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான் சின்ன மாப்பிள்ளை.

"இத வச்சு என்ன பண்ணப் போறீங்க மாப்ள?"

"சும்மாதான்."

பெரிய மாப்பிள்ளை அன்றைக்கு வீடு வந்து சேரும் வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "கழுவி ஊத்துற தண்ணிய வாங்கிட்டுப் போறான்டி உன் தங்கச்சி புருஷன். பொழச்சுக்குவான்."

அடுத்த மாதம் சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன மாப்பிள்ளை ஒரு டப்பாவோடு வந்து இறங்கினான். முந்தின நாள் ராத்திரியே அந்தத் தண்ணீரில் ஊறப்போட்ட கோழி. "அண்ணே, அடுப்புல ஓரமா கொஞ்சம் எடம் குடுங்க" என்று கேட்டான். அண்ணே என்று கூப்பிட்டுக் கேட்டால் எப்படி மறுப்பது? கொடுத்தான். சின்ன மாப்பிள்ளை கரியை ஒரு பக்கமாகத் தள்ளி, நெருப்பு நேராகப் படாத இடத்தில் துண்டுகளை வைத்து, மூடியை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இதெல்லாம் ஒரு சுடுதலா என்று பெரிய மாப்பிள்ளைக்குத் தோன்றியது. கோழி பொன்னிறமாக வந்தது. விரலால் தொட்டால் எலும்பிலிருந்து கழன்றது.

மாமனார் ஒரு துண்டைச் சாப்பிட்டார். தட்டை முன்னால் நகர்த்தினார்.

"இன்னொண்ணு வைங்க மாப்ள" என்றார்.

மேஜையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பெரிய மாப்பிள்ளையும் பார்த்தான். அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. எத்தனை வருஷம், எத்தனை ஞாயிறு, புகையில் கண் எரிய நின்றவன் அவன். அடுப்பு அவனுடையது, கரி அவன் வாங்கியது, இடுக்கிகூட அவன் கையால் செய்தது. நேற்று வந்தவன், அதுவும் செருப்பு மாட்டிவிடுகிறவன், கொட்டுகிற தண்ணீரில் கோழியை முக்கிக்கொண்டு வந்து வார்த்தையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். அடக் கடவுளே, இது எந்த ஊர் நியாயம்?

அன்று முழுக்க அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தான். வீட்டுக்குப் போனதும் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"நீங்களுந்தான் ஒரு தடவ அந்த மாதிரி செஞ்சு பாருங்களேன்."

"ஊறுகா தண்ணியில முக்கி எடுக்கறது ஒரு சமையலா? எனக்குத் தேவையில்ல."

தேவையில்லாதவன் மறுநாளே கடைக்குப் போய்ப் பெரிய பாட்டிலாக வெள்ளரி ஊறுகாய் ஒன்று வாங்கினான். மனைவிக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று அதைப் பட்டறையிலேயே ஒளித்து வைத்தான். தண்ணீர்தானே வேண்டும், பிஞ்சுகளை வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்தால் போதாதா? அது அவனுக்குத் தோன்றவில்லை. மாமியார் வீட்டு பாட்டிலில் பிஞ்செல்லாம் தின்று தீர்ந்த பிறகு மிஞ்சிய தண்ணீர்தானே அது. அதே மாதிரி மிஞ்ச வேண்டும் என்று, மத்தியானமும் சாயங்காலமுமாக உட்கார்ந்து அத்தனையையும் தானே கடித்துத் தின்று தீர்த்தான். வயிறு இப்போது நிஜமாகவே எரிந்தது.

அதோடு விட்டானா? சகலை ஒரு ராத்திரி ஊறவைத்துத்தானே அந்தப் பெயர் வாங்கினான், நாம் மூன்று ராத்திரி ஊறவைத்தால் அவன் எங்கே நிற்பான் என்று ஒரு கணக்குப் போட்டான். வியாழக்கிழமையே கோழியைத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் பின்னால் தள்ளி வைத்தான். மனைவி பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, "சும்மாதான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில்தான் விஷயம் தெரிந்தது. மூன்று ராத்திரி ஊறிக் குழைந்துபோன கோழி, இடுக்கியால் தூக்கினால் துண்டாக வரவில்லை, பாதி கம்பியில் ஒட்டிக்கொண்டது, பாதி கரியில் விழுந்தது. சின்ன மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, கரியக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிடட்டுமா?"

"எனக்குத் தெரியும் தம்பி. நீங்க போய் உக்காருங்க."

பிய்ந்துபோன துண்டுகளை வழித்தெடுத்துத் தட்டில் வைத்து மேஜைக்குக் கொண்டுபோனான்.  மைத்துனி ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். "மாமா, இதுக்கு ஸ்பூன் வேணுமே" என்றாள். மனைவி பாவம், சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்ன மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். அவன் கிண்டல் செய்திருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. தட்டைச் சுத்தமாக வழித்து முடித்துவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல். பரவால்ல. இன்னொண்ணு வைங்க மாப்ள" என்றார்.

எந்த மாப்பிள்ளை என்று ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அவர் தட்டை நீட்டியது பெரிய மாப்பிள்ளை பக்கம். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சகலையை ஒரு பார்வை பார்த்தான், இப்ப என்ன சொல்ற என்கிற மாதிரி. அடுப்பில் மிச்சமிருந்ததை எடுத்துவரத் தட்டோடு சமையல்கட்டு வழியாகக் கிட்டத்தட்ட ஓடினான்.

மாமியார் அங்கே நின்றிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல மாப்ள. உங்க கையால செஞ்சத அவரு இன்னைக்குத்தான் வயிறார சாப்பிட்டாரு."

"இன்னைக்குத்தானா?"

"அவருக்கு இருக்கறது கட்டுன பல்லு மாப்ள. பொண்ணுங்களுக்கே தெரியாது. எல்லாரும் தூங்குனப்புறந்தான் கழட்டி வைப்பாரு. உங்க கல்யாணத்துல போட்டோவுக்கு நல்லா இருக்கணும்னு கட்டுனாரு, அன்னையிலேர்ந்து கெட்டியா எதையும் மெல்ல முடியாது. நீங்க சுடுறத வாயில வச்சிருந்துட்டு நைசா பூனைக்குப் போட்டுடுவாரு. புள்ள வெயில்ல நின்னு செய்யுறான், சொன்னா மனசு கஷ்டப்படும்னு என்னையும் வாயத் தெறக்க விடல."

தட்டு அவன் கையிலேயே இருந்தது. இத்தனை வருஷமும் அவன் பூனைக்குச் சமைத்திருக்கிறான். அதுவும் கொழுத்துப்போய்க் கிடக்கிறது, சனியன்.

கொல்லைக் குழாயடியில் சின்ன மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, மாமா பல்லு விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

சின்ன மாப்பிள்ளை குழாயை மூடினான். "மொத நாளே பாத்தேன் அண்ணே. பூனை மாமா காலடியிலேயே ஒக்காந்திருந்துச்சு. ஏன்னு மாமா வாயப் பாத்தேன், புரிஞ்சுது. நான் பாத்தத மாமாவும் பாத்துட்டாரு. உங்களப் பாத்தாரு, அப்புறம் எனக்குக் கண்ணக் காட்டுனாரு. சொல்லாதன்னு."

"அதுக்குத்தான் அந்தத் தண்ணி வாங்கிட்டுப் போனீங்களா?"

"அதுல ஊறுனா மெத்துனு இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். அவ்வளவுதான் அண்ணே."

பெரிய மாப்பிள்ளை அடுப்பின் மூடியைத் திறந்தான். கேட்ட வார்த்தை கைக்கு வந்துவிட்டது, ஆனாலும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. அது இப்போது கோழி மேல் இல்லை. ஒரே ஒரு ஞாயிறு வந்தவனுக்கு அந்தக் கிழவர் கண்ணைக் காட்டியிருக்கிறார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவன் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கண் ஜாடைக்காக அவன் தன் பட்டறையையே எழுதிக் கொடுத்திருப்பான்.

அடுப்பில் மிச்சமிருந்ததை எடுத்து, தழும்பேறிய விரலால் எலும்பையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, மாமனார் தட்டில் வைத்தான். பூனை ஒன்றும் கிடைக்காமல் எழுந்து போய்விட்டது. அவன் எதிரில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தான். கீழ்த் தாடை அசைந்து முடிந்த பிறகு மேல் வரிசைப் பல் தனியாக ஒரு தடவை ஆடியது. ஒவ்வொரு வாய்க்கும் ஆடியது. எதிரில் உட்கார்ந்து கவனித்தால் எவருக்கும் தெரியும். இத்தனை வருஷமும் அவன் அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், வார்த்தை வருமா என்று.